மூன்று முறை வந்த மாசு

ஆய்வகத்தில் அவனைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். காணாமல் போனவர்களின் வீட்டார் வந்தால் அவர்களை உட்கார வைத்து, உட்கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தடவி, உறையில் போட்டு எண் ஒட்டுவது அவன் வேலை. அதிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. விவரம் வரிவரியாக எண்களாகிக் கணினிக்குள் போகும். அடையாளம் தெரியாத எலும்புகளிலிருந்து எடுத்த விவரங்களும் அங்கே இருக்கும். இரண்டும் பொருந்தினால், எங்கோ ஒரு வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு முடிவுக்கு வரும். வேலையில் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் அம்மாவுக்குப் படம் போட்டு விளக்கினான். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை என்று முடிவு செய்துகொண்டான். பட்டம் வாங்கியவன் அல்லவா.

குடும்பத்தில் முதல் பட்டம் அவனுடையது. அதனால் உறவினர்களுக்கு அவன் டாக்டர். சித்தி முழங்கால் வலிக்கு மருந்து கேட்பாள். பெரியப்பா ஒரு முறை பல்லையே காட்டினார். எல்லாருக்கும் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்புவான். ஆய்வகத்தில் நிலைமை நேர்மாறு. முதலில் தேர்வானவர் வராமல் போனதால் கிடைத்த வேலை இது. என்றைக்காவது அவர் வந்து, "தம்பி, எழுந்திரு, இது என் நாற்காலி" என்று சொல்வார் என இரண்டு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். எனவே எது கெட்டாலும் முதலில் மன்னிப்புக் கேட்பது அவனாகத்தான் இருக்கும். பிரிண்டரில் காகிதம் சிக்கினால், மின்சாரம் போனால், ஒரு தடவை மழை பெய்ததற்குக்கூடக் கேட்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவனிடம்தான் கல்குவாரி எலும்பு வந்து சேர்ந்தது.

அது பழைய எலும்பு. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட குவாரியில் தண்ணீர் வற்றியபோது கிடைத்தது. அவன் வேலையில் சேருவதற்கு முன்பே கிடங்குக்கு வந்து, மூன்றாவது அடுக்கில் தன் முறைக்காகக் காத்திருந்தது. முறை வந்ததும் ஒரு துண்டை அவனே அறுத்துப் பொடியாக்கினான். கையுறை, முகமூடி, தலையுறை எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் முடிவு வந்தபோது கணினி சிவப்பு காட்டியது: பணியாளர் பட்டியலோடு ஒப்புமை.

பணியாளர் பட்டியல் என்பது அங்கே வேலை செய்கிறவர்களின் டி.என்.ஏ. விவரம். யாராவது தும்மியோ தொட்டோ எலும்பைக் கெடுத்திருந்தால் கண்டுபிடிப்பதற்காக வைத்திருந்தார்கள். பழைய எலும்புகள் அரைகுறையாகத்தான் பேசும் என்பதால், பாதி ஒத்துப்போனாலே எச்சரிக்கும்படி அமைத்திருந்தார்கள். சிவப்பு வந்தால் யாருடைய பெயர் என்று பார்ப்பார்கள், திட்டுவார்கள், முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வார்கள். உள்ளே இருக்கும் எண்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. குப்பைக்குப் போவதை எதற்குப் படிப்பது?

பெயர் அவனுடையது. பதிவேட்டில் 'என் கவனக்குறைவால் மாசு ஏற்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதினான். இரண்டாவது முறை, முகமூடியின் மேல் முகமூடி போட்டு, மூச்சைக்கூடப் பங்கிட்டு விட்டுக்கொண்டு செய்தான். மறுபடியும் சிவப்பு. மறுபடியும் அவன்.

ஆய்வகத் தலைவியான மேடம், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எலும்புக்குள்ளயே போய் உக்காந்திருக்கியாப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் கூடுதலாகவே. பிறகு உட்கார்ந்து இரண்டாவது மன்னிப்பை எழுதினான். முதல் மன்னிப்பைவிட நடை மேம்பட்டிருந்தது.

அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல். நான்கு நாள் விடுப்பு முடிந்து வந்தபோது மேடம் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் யாரையும் அவர் உட்காரச் சொல்வதில்லை என்பதால், வேலை போய்விட்டது என்று புரிந்துகொண்டான்.

மூன்றாவது தடவை அவரே செய்தாராம். வேறு அறை, புதிதாகப் பிரித்த கருவிகள். அப்போதும் சிவப்பு.

"சாரி மேடம். என் முடி ஏதாவது உங்க கோட்டுல ஒட்டியிருக்கும்."

"நீ அந்த வாரமே இங்க இல்ல."

"அதுக்கு முந்தின வாரம் ஒட்டியிருக்கலாம்."

"உன் தப்பு இல்லாதது ஒண்ணாவது உலகத்துல இருக்கட்டும்ப்பா," என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார்.

"பெயிண்டர் மேடம்."

வேலைக்கான விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தான். கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாருக்கோ இரவல் கொடுத்த ஏணியைத் திருப்பி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, இரவல் வாங்கியவரே ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அப்பா அவர் வீட்டுக்குப் போகவே இல்லையாம். புகார் கொடுத்தார்கள், புகைப்படம் கொடுத்தார்கள். ஏணி மட்டும் பின்கட்டில் நின்றது. அம்மா அதை யாருக்கும் இரவல் தருவதில்லை.

மேடம் கணினித் திரையைத் திருப்பி வைத்தார். இதுவரை யாரும் திறக்காத பக்கம். ஒவ்வொரு வரியிலும் எலும்புக்கு இரண்டு எண்கள், பக்கத்தில் அவனுக்கு இரண்டு எண்கள். அவன் கை பட்டிருந்தால் அவனுடைய இரண்டு எண்களும் எலும்பில் இருக்க வேண்டும். இருந்தது ஒன்றுதான். முதல் வரியில் ஒன்று, அடுத்த வரியில் ஒன்று. கடைசி வரை, படிக்க முடிந்த எல்லா வரிகளிலும், தவறாமல் ஒன்று. ஒரு எண் அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வருவதால், பெற்றவருக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும். இதைத் தேர்வில் எழுதிப் பதினாறு மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

இரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான அம்மாக்களிடம் அவன் பேசியிருந்தான். "வலிக்காதும்மா, பல் தேய்க்கற மாதிரிதான். இது குடுத்தா ஆள் இல்லன்னு அர்த்தம் இல்ல. தேடறதுல இதுவும் ஒரு வழி." அவ்வளவு நன்றாகப் பேசுவான் என்று புதியவர்களுக்கு அவனை வைத்தே சொல்லிக்கொடுத்தார்கள். சொந்த அம்மாவிடம் மட்டும் பேசவில்லை. அம்மாவுக்கு நேரமில்லை, அம்மாவுக்குப் புரியாது, அம்மா அழுவாள். எல்லாக் காரணத்திலும் அம்மாவே இருந்தாள். பயந்தவன் பெயர் எதிலும் இல்லை.

"பணியாளர் பட்டியல வெச்சு உறவு தேடக்கூடாது. விதி," என்றார் மேடம். "அதனால இதை வெச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. அம்மாவக் கூட்டிக்கிட்டு முன்வாசல் வழியா வா. எல்லாரையும் மாதிரி."

அன்று மாலை, பொத்தான் தைக்கும் வேலை முடிந்து வந்த அம்மா, நாற்காலியில் உட்கார்ந்து கால் பெருவிரலை நீவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் நின்று தொண்டையைச் செருமினான்.

"வலிக்காதும்மா, பல் தேய்க்கற மாதிரிதான்..."

"கன்னத்துல குச்சி விடறதுதானே?" என்றாள் அம்மா. "எப்பப் போகணும்?"

மனப்பாடமாக வைத்திருந்த மீதிப் பேச்சை விட்டுவிட்டு, அவன் தரையில் உட்கார்ந்தான்.

"நீ அந்த வேலைல சேந்தப்பவே கேப்பேன்னு நெனச்சேன். அப்பாவத் தேடத்தான் இதுல போய்ச் சேந்திருக்கான்னு பக்கத்து வீட்ல கூடச் சொல்லி வெச்சிருக்கேன்."

அவனை வேலைக்குக் கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான் என்று சொல்ல நா எழவில்லை. "நீயா ஏன்மா கேக்கல?"

"உனக்கு பயமா இருக்கும்னு விட்டுட்டேன்."

மறுநாள் இருவரும் முன்வாசல் வழியாகப் போனார்கள். அவனே மற்றவர்களை உட்காரச் சொல்லும் பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. படிவத்தை அவன் நிரப்பினான். அடையாளங்கள் என்ற இடத்தில் ஒருமுறை ஒரு பெண் 'கோபக்காரர்' என்று எழுதியதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறான். அம்மா சொன்னாள்: "இடது காதுக்குப் பின்னால எப்பவும் கொஞ்சம் பெயிண்ட் இருக்கும்."

"அதெல்லாம் அடையாளம் இல்லம்மா."

"எனக்கு அதான் அடையாளம். எழுது."

எழுதினான். மேடமே வந்து இருவர் கன்னத்திலும் குச்சியைத் தடவினார். அம்மாவுக்கு வலிக்கவில்லை. அவனுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. பஞ்சு உறுத்துகிறது என்று சொல்லிச் சமாளித்தான். இத்தனை நாள் யாருக்கும் உறுத்தாத பஞ்சு.

ஒன்பது நாளில் முடிவு வந்தது. அவனுடைய எண்களிலிருந்து அம்மா கொடுத்தவற்றைக் கழித்தால் மீதி இருப்பவை அப்பா கொடுத்தவை. அந்த மீதி எல்லாம் எலும்பில் இருந்தன.

மேடம் பழைய பதிவேட்டை அவன் முன் விரித்து வைத்தார். தவறான பதிவை அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தன் இரண்டு மன்னிப்புகளின் குறுக்கேயும் கோடு போட்டான். காரணம்: 'மாசு இல்லை. தவறு என்னுடையது அல்ல.' அந்த ஆய்வகத்தில் அவன் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதியதும் பதற்றமாகிவிட்டது. தவறாக மன்னிப்புக் கேட்டதற்கு ஒரு வரி மன்னிப்புச் சேர்க்கலாமா என்று பேனாவைத் தூக்கினான். மேடம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னான். அம்மா முந்தானையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இத்தன நாளும் எங்க இருந்தாரு?"

"கிடங்குலம்மா. மூணாவது அடுக்கு." சொல்லாமல் விட முடியவில்லை. "நான் உக்காந்து சாப்பிடற ரூமுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சுவருதான். ரெண்டு வருஷமா."

அம்மா அவனைப் பார்த்தாள். தன்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்து, வழக்கம்போல 'சாரி' என்று ஆரம்பித்தான்.

"அப்ப நீ தனியாச் சாப்பிடல," என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "தெனம் சாப்பாட்டு டப்பால பாதிய மிச்சம் வெச்சியே, அதையும் பாத்திருப்பாரு" என்றாள்.