ஆஃப்டரை இறக்கிவிட்ட அண்ணி

அண்ணியின் பட்டத்துக்கும் அண்ணிக்கும் நடுவே ஆங்கில அரியர் ஒன்று குறுக்கே நின்றது. அதில் தேறினால்தான் எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில் காலியாயிருந்த பால்வாடி டீச்சர் வேலைக்கு எழுதிப்போட முடியும். யாரும் கேட்காமலே நான் வாத்தியாரானேன்.

அது மிளகுக் காலம். அண்ணி களத்தில் கதிரை மிதித்து மணி உதிர்ப்பார். நான் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்து செய்வினை வாக்கியத்தைச் சொல்ல, அவர் மிதித்துக்கொண்டே செயப்பாட்டு வினையாக்க வேண்டும்.

“தி நர்ஸ் லுக்டு ஆஃப்டர் தி பேஷன்ட்.”

“தி பேஷன்ட் வாஸ் லுக்டு பை தி நர்ஸ்.”

“ஆஃப்டர் எங்கீங்க அண்ணி?”

“அதான் பை வந்திருச்சே. ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்குது, ஒண்ணை எறக்கி உட்டுட்டேன்.”

“எறக்கக் கூடாதுங்க. அது வினையோட ஒட்டிப் பொறந்தது. அதில்லாட்டி நர்ஸ் சும்மா பாத்துட்டுப் போயிட்டாங்கன்னு ஆயிரும்.”

“அப்பிடிப் போறவங்களும் இருக்கறாங்க கண்ணு.”

அடுத்து, பேருந்து ஒரு கோழிமீது ஏறிக் கொன்ற வாக்கியம். “தி ஹென் வாஸ் ரன் ஓவர் பை தி பஸ்” என்று பிசகாமல் சொன்னவர், மிதிப்பதை நிறுத்தினார்.

“யாரூட்டுக் கோழி?”

“புஸ்தகத்துக் கோழிங்க.”

“பாவம்” என்று மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

தேர்வன்று காலை பேருந்தில் துணைக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது எங்கள் ஊரில் குழந்தைகூடக் குனிந்து எதையும் பார்க்காது. தூரத்து மலையைத்தான் பார்க்கும். நானோ புத்தகத்தை விரித்தேன்.

“புக்கை மூடு கண்ணு, வளைவு வருது.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க.”

அடிவாரத்துக் காரவள்ளியில் பேருந்து நின்றபோது, சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது வாத்தியார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அடுத்த பேருந்தில் போனால் தேர்வுக்கூடத்தின் கதவு சாத்தியிருக்கும். ஒரு கையால் என் தலையைப் பிடித்தபடி, அண்ணி பேருந்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

டீக்கடை அக்காதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். “நீ ஏறு சாமி, புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

நகர்ந்த பேருந்தில் தாவி ஏறிய அண்ணி, சன்னலில் தலை நீட்டிக் கத்தினார்: “புக்கைத் தொட்டீனா இருக்குது உனக்கு!”

அக்கா கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அங்கேயே கிடந்தேன். மாலையில் அண்ணி சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

தாளில் தேறினார், வேலையும் கிடைத்தது. இங்கிலீஷ் யார் சொல்லிக் கொடுத்தது என்று யாராவது கேட்டால், என்னைக் காட்டிச் சொல்வார்: “இவதானுங்க. காரவள்ளி வரைக்கும்.”