சென்ஸி பார்க்காமல் விட்ட விளக்கு

மர ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக இழைப்பு இயந்திரத்தில் நிற்கிறவள் சென்ஸி. வயது நாற்பத்தெட்டு. வலக்கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டை இயந்திரம் தின்று ஏழு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி யார் கேலி பேசினாலும் கூடவே சிரிப்பாள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சிரிக்கவில்லை.

பிப்ரவரியில் ஆலைக்காரர்கள் மலை விடுதியில் இரண்டு நாள் தங்குவது வழக்கம். பகலெல்லாம் யாரும் மிதிக்காத மாவுப் பனியில் சறுக்குப்பலகை கட்டிச் சரிவில் இறங்குவார்கள். இருட்டினால் ரொட்டி உருண்டை போட்ட சூப்பு, பீர், சீட்டு. இரண்டாவது கோப்பையிலேயே லாரி ஓட்டும் ரோமெடி உளறிவிட்டான்.

"பிரிவுத் தலைவர் வேலை கஸியனுக்காமே. முதலாளி உன்னத்தான் நினைச்சிருந்தாரு சென்ஸி. இவன் போயி, விரல் போனதுலேருந்து அவளுக்குக் கை ஓடலைன்னுட்டான்."

கஸியன் அவளுடைய பக்கத்து இயந்திரக்காரன். இருபது குளிர்காலமாகச் சரிவில் அவளுக்கு முன்னால் இறங்குகிறவன். விரல் போன அன்று அவள் கையைத் தன் சட்டையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான்.

"சொன்னியாடா?"

"சொன்னேன். பொய்யா சொன்னேன்?" சீட்டிலிருந்து அவன் கண் எடுக்கவில்லை.

"ஓடாத கை எப்படி இருக்கும்னு பாரு."

மூன்று விரலை மடக்கி அவள் விட்ட குத்தில் அவன் முன்பல் மேசையில் தெறித்தது. அவன் எழுந்து அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது. விடுதிக்காரி வந்து இருவர் காலடியிலும் ஆளுக்கொரு துணியைப் போட்டாள்.

"ரத்தத்தை யாரு துடைப்பா? சிந்தினவங்களே துடைங்க."

துடைத்தார்கள், முகம் பார்க்காமல்.

சரிவு இடிந்து பனியில் புதைந்தவரைத் தேட, ஆளுக்கொரு சிறு கருவி மார்பில் கட்டியிருக்கும். அது அனுப்பும் ஒலியைப் பிடித்துத்தான் மற்றவர்கள் தோண்ட வேண்டும். புறப்படும்போது கஸியன் தன் கருவியைக் கேட்கும் நிலையில் வைத்துக்கொண்டு நிற்பான். ஒவ்வொருவராக அவனைக் கடந்து போவார்கள். ஒலித்தால் சரி. கடைசியில் அவன் தன்னுடையதையும் அனுப்பும் நிலைக்கு மாற்ற வேண்டும். மாற்றினானா என்று அதன் விளக்கின் நிறத்தைப் பார்ப்பது சென்ஸியின் வேலை. அவள் அவன் காலரை இழுப்பாள். அப்போதுதான் அவன் விரல் பொத்தானுக்குப் போகும். "உசுரோடதான் இருக்கே, போ" என்பாள்.

அந்த ஞாயிறு காலை அவன் மோவாயைத் தூக்கியபடி நின்றான். உதடு வீங்கியிருந்தது. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கடந்து போனாள். சற்று நின்றவன் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டான்.

வழக்கம்போல முதலில் அவனே இறங்கினான். ஐந்தாவது வளைவில் மேலே சரிவிலிருந்த பனி பாளமாக வெடித்துப் பெயர்ந்தது. துப்பாக்கிச் சத்தம் போல ஒன்று, அப்புறம் லாரி லாரியாகக் கல் கொட்டுகிற இரைச்சல். பனி அவனைத் தூக்கிப் புரட்டி, ஒரு லார்ச் மரத்தை நடுவே முறித்துக்கொண்டு இறங்கி நின்றது. கீழே அவன் இல்லை.

இறங்கிப்போய் எல்லாரும் கருவியைக் கேட்கும் நிலைக்கு மாற்றினார்கள். ஒன்றும் ஒலிக்கவில்லை.

"செத்த கருவியா?" என்றான் ரோமெடி.

"அனுப்பாம கேட்டுக்கிட்டுக் கிடக்கு. நான் பாக்கல," என்றாள் சென்ஸி.

கஸியனுக்கு இடது முட்டியில் பழைய அடி. பயந்தால் வலக்காலில் பாரம் போட்டு இடப்பக்கம்தான் திரும்புவான். இருபது குளிர்காலம் அந்த முதுகைப் பார்த்தவள் அவள். "எல்லாரும் இடப்பக்கம் வாங்க. அந்த முறிஞ்ச மரத்துக்கு மேல."

புதைந்தவரைத் துழாவும் நீளக் கம்பியைப் பனியில் குத்தினாள். தரை. குத்தினாள். தரை. மூன்று விரலிலும் தோல் உரிந்தது. கடிகாரத்தைப் பார்த்த ரோமெடி அழ ஆரம்பித்தான்.

"அப்புறம் அழுடா. இப்பக் குத்து."

எட்டாவது நிமிஷம் கம்பி தரையைத் தொடாமல் மெத்தென்று திருப்பித் தள்ளியது. வெறி பிடித்தவர்கள் போலப் பனியை வாரி எறிந்தார்கள். ஒரு மண்வாரி அவன் காதைக் கிழித்தது. முகம் நீலம். வாய் நிறையப் பனி, சிமெண்டாக. முந்தின நாள் தான் உடைத்த பல்லின் சந்துக்குள் விரலை விட்டு அவள் பனியை நோண்டி எடுத்தாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். மார்பை அமுக்கியதில் ஒரு விலா மளுக்கென்றது. கன்னத்தில் அறைந்தாள், மறுபடி அறைந்தாள். அவன் இருமினான்.

ஹெலிகாப்டரில் வந்த போலீஸ்காரர் குறிப்பேட்டை எடுத்தார். "கருவிச் சோதனை யாரு செஞ்சது?"

தூக்குப் படுக்கையில் கிடந்த கஸியன் முந்திக்கொண்டான். "அவ பாத்தா. நான்தான் அப்புறம் எதையோ அமுக்கிட்டேன்."

"பொய் சொல்றான். எழுதிக்குங்க," என்றாள் சென்ஸி. "நேத்து இவனை அடிச்சேன். இன்னிக்கு இவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல. அதனால பாக்கல."

போலீஸ்காரர் எழுதினார். கஸியன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கை நல்லா ஓடுதுடி," என்றான் மெல்ல.

"அதைப் போயி முதலாளிகிட்டச் சொல்லு," என்று அவன் காலரை இழுத்துப் பார்த்தாள். கருவியின் விளக்கு இன்னும் கேட்கும் நிறத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. அவளே அணைத்தாள்.