காணாமல் போன ஊசிமுனை

என் கணவரின் அண்ணன் மனைவியை, அதாவது நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தியை, எங்கள் வீட்டில் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராகவே சொல்வோம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைக்குக் கிளம்பினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். போனவர் மறுபடியும் வருவார், இந்த முறை கேஸ் அடுப்புக்காக. என் மகனுக்குத் தடுப்பூசி போடும்போது துணைக்கு வந்தவர், ஊசியைக் கண்டதும் வெளியே ஓடி ரோட்டில் நின்றுகொண்டார். குழந்தை அழுது முடித்து வெளியே வந்த பிறகும் அக்கா அழுகையை நிறுத்தவில்லை. இப்படி ஓர் ஆளோடு ஒரே சமையலறையில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம்.

ஆனால் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள். கல்யாணத்துக்கு முன்பு ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே ஓர் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை மெஷினைத் தொடக் கூடாதாம். கிடைத்த துண்டுகளை ஒரு தாளில் ஒட்டி, முழு ஊசி சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் சூப்பர்வைசர் புது ஊசி தருவாராம். "ஒரு ஊசிக்கு இவ்வளவு அலப்பறையா" என்று நான் கேட்டு, அவரிடமிருந்து ஒரு முறைப்பு வாங்கியிருக்கிறேன்.

டயப்பருக்குள் வைக்கும் துணிப் பட்டைகளை அக்கா தைக்க ஆரம்பித்தது என் மகனால்தான். கடையில் விற்கும் டயப்பர் அவன் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தொடை இடுக்கெல்லாம் சிவந்து புண்ணாகிவிட்டது. துணி டயப்பர் வாங்கினோம். அது ஒரு மணி நேரம் தாங்காமல் என் மடியை நனைத்தது. அக்கா அதற்குள் இருந்த பட்டையை எடுத்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பஞ்சுத் தாள். ஈரத்தை உறிஞ்ச வேண்டியது அந்தப் பட்டைதான். வெளியே தெரியும் பூப்போட்ட உறை சும்மா ஒப்புக்கு. மறுநாளே பழைய டர்க்கி டவல்களைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசினார். நீளமாக வெட்டி, அடுக்கடுக்காக வைத்து, தோலில் படும் பக்கம் மட்டும் மிருதுவான ஃப்ளானல் கொடுத்து ஒரு பட்டை தைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, அடியில் விரித்த செய்தித்தாள் நனைகிறதா என்று பார்த்தார். நனையவில்லை. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு தெருவில் விஷயம் பரவி, குழந்தை பிறந்த வீட்டிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். தைத்த ஒவ்வொரு பட்டையையும் அக்கா தன் கன்னத்தில் ஒரு தேய் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நூல் முடிச்சு உறுத்தினால் பிரித்துவிடுவார். அவர் விரலில் எப்போதும் ஒரு துணித் துண்டு சுற்றியிருக்கும். சுவரில் காலண்டர் தொங்குவதுபோல அதுவும் பார்த்துப் பழகிப்போன ஒன்று.

அன்று மதியம் என் மகன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா கனமான பட்டைகளை முடித்துவிட்டு ஒரு மெல்லிய துணியை மெஷினில் வைத்தார். துணி இழை இழையாக இழுத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தி, ஊசியைக் கழற்றி, நுனியை நகத்தில் தேய்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குழந்தையத் தூக்கு. பட்டையக் கழட்டு" என்றார்.

இப்போதுதானே தூங்கினான் என்று சிடுசிடுத்தேன். அவர் ஊசியை நீட்டினார். கூர்முனை இல்லை. அரிசி நொய் அளவு ஒடிந்து போயிருந்தது. டர்க்கி போன்ற சொரசொரப்பான துணியில் மொட்டை ஊசியும் எப்படியோ ஏறி இறங்கிவிடும், தைக்கிறவருக்குத் தெரியாது. ஊசியை மாற்றியது முந்தின நாள் சாயங்காலம். அதற்குப் பிறகு தைத்த எந்தப் பட்டைக்குள் வேண்டுமானாலும் அந்த முனை இருக்கலாம். என் மகன் கட்டியிருந்ததும் அதில் ஒன்று.

அவனை எழுப்பி, அவன் வீறிட்டு அழ அழக் கழற்றினேன். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அக்கா அந்தப் பட்டையை அடுக்கடுக்காகப் பிரித்து, குண்டூசி பொறுக்க வைத்திருந்த காந்தத்தை மேலே ஓட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. வீட்டில் இருந்த மற்றப் பட்டைகளையும் பிரித்தோம். தரை, மெஷினின் அடிப்பாகம், நூல் பெட்டி எல்லா இடத்திலும் காந்தம் போனது. குண்டூசிகள் வந்தன, ஒரு பழைய கொக்கி வந்தது, முனை வரவில்லை.

மிச்சம் ஒரே ஒரு கட்டு. அன்று காலையில்தான் அதை மருந்துக்கடைக்காரரின் மகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, அந்த வாரம்தான் வீட்டுக்கு வந்த குழந்தை. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிய முதுகு.

போன் அடித்தோம், எடுக்கவில்லை. நேரில் போய், சாயம் போகிறது, மாற்றித் தருகிறோம் என்று சொல்லி வாங்கி வந்துவிடலாமே என்றேன். ஊசி என்று வாயைத் திறந்தால் இந்தத் தெருவில் இனி யார் நம்மிடம் பட்டை வாங்குவார்கள்?

"சாயம்னா ஒரு தடவை அலசிட்டுக் கட்டிக்கலாம்னு ஒன்னு ரெண்ட எடுத்து வச்சுக்குவாங்க. ஊசின்னு சொன்னாத்தான் அத்தனையும் கொடுப்பாங்க" என்றார் அக்கா.

ஒடிந்த ஊசியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, செருப்பைக்கூடக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் குழந்தையை ஒரு துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது, கதவை நாங்கள் பூட்டவே இல்லை. பூட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார். அவர் பூட்டை மறந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

மருந்துக்கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. படியேறும்போதே குழந்தை அழும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்த பெண் தூக்கமில்லாத கண்களோடு, மத்தியானத்திலிருந்து இப்படித்தான் அழுகிறான், என்னவென்றே தெரியவில்லை என்றாள். அக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"நான் தச்ச பட்டையில ஊசிமுனை ஒடிஞ்சு இருக்கலாம்மா. உடனே கழட்டு."

அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் உள்ளே போய்க் குழந்தையைக் கிடத்தி உறையைப் பிரித்தார். பட்டையை இழுத்ததும் மூன்று பேரும் பார்த்தோம். வெள்ளை ஃப்ளானலில் ரத்தம்.

அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கீழே கடையிலிருந்து அவள் அப்பா ஓடி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் யார்தான் நல்லவராக இருக்க முடியும்? கண்ட கண்ட கையால் தைத்ததை வாங்காதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே என்று மகளைத் திட்டினார், எங்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே பேரனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொடை, இடுப்பு, முதுகு, மடிப்பு மடிப்பாக விரித்துத் தேடினார். ஓர் ஊசிக்குத்துகூட இல்லை. உறை கழன்ற சுகத்தில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

அக்கா அதற்குள் அந்தக் கட்டுக்குள் மிச்சமிருந்த பட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வழக்கம்போலத் தேய்க்கவில்லை. குத்தட்டும், என்னைக் குத்தட்டும் என்று கேட்பதுபோல அழுத்தினார். தொட்ட பட்டையில் எல்லாம் புதிதாக ஒரு சிவப்புக் கறை விழுந்தது.

மருந்துக்கடைக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏம்மா, ரத்தம் உன் கையிலேருந்துதான் வருது. விரல்ல என்ன?"

காலையில் மெஷின் ஊசி ஏறிவிட்டது, அது எப்போதும் நடப்பதுதான் என்றார் அக்கா. ரத்தம் பட்ட பட்டையை அப்போதே தூக்கிப் போட்டுவிட்டதாகவும், மற்றது எதிலும் கறை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கட்டியதாகவும் சொன்னார். கறையைத்தான் பார்த்திருக்கிறார், ஊசியைப் பார்க்கவில்லை.

கடைக்காரர் துணிச் சுற்றைப் பிரித்து, வீங்கியிருந்த விரல் நுனியை லேசாக அழுத்தினார். அக்கா துடித்துவிட்டார். மருந்துக்கடைக்காரரின் குரல் இறங்கியது. பக்கத்துத் தெருவில் இருக்கும் கிளினிக்குக்குப் போய் உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முடிவு தெரிகிறவரை என் பேரனை யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னார்.

கிளினிக்கில் எங்கள் முறை வருவதற்குள் என் உயிர் பாதியாகிவிட்டது. விரலில் இல்லை என்றால்? அப்படியானால் அது எங்கே? என் மகன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். அக்கா பெஞ்சில் கைக்குட்டை முடிச்சைப் பிடித்தபடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் எலும்பை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைக் கீற்று. இவ்வளவு நேரம் இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அக்கா படத்தையே உற்றுப் பார்த்தார்.

"என் கையிலதான் இருக்கா டாக்டர்? வேற எங்கயும் இல்லல்ல?"

இங்கேதான் இருக்கிறது, மரத்துப்போக ஒரு ஊசி போட்டுவிட்டுக் கீறி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டேன், எழுந்து ஓடிவிடுவாரோ என்று. அவர் கையை மேஜை மேல் நீட்டினார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் ஊசி போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எடுத்த முனையை டாக்டர் குப்பையில் போடப் போனபோது அக்கா விடவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து, ஒடிந்த ஊசியின் நுனியில் அதைப் பொருத்திப் பார்த்தார். இடைவெளி இல்லாமல் சேர்ந்தது. முழு ஊசி. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மருந்துக்கடைக்காரரின் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் அவள் அழுதாள், இந்தப் பக்கத்தில் நான் அழுதேன்.

வெளியே வந்து நாலு எட்டு வைத்ததும் அக்கா நின்றுவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"வீட்டப் பூட்டுனோமா?"

வாய் கூசாமல் பூட்டினோம் என்றேன். நானே இழுத்துப் பார்த்தேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அன்றைக்கு அவர் பயந்தது போதும்.