கைக்குட்டைக்குள் செம்பருத்தி

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரில் தாவரவியல் படித்தேன். செய்முறைத் தேர்வுக்கு எப்போதும் ஐந்து இதழ்ச் செம்பருத்திதான் தருவார்கள். அந்த வருடம் ஆய்வக உதவியாளர் கூடை நிறைய அடுக்குச் செம்பருத்தியோடு வந்து, "இன்னா பண்றது, இதாம்மா கெடச்சுது" என்றார்.

பூவை வெட்டிப் பார்த்து வரைய வேண்டும். எனக்கோ ஐந்து இதழ்ப் பூவின் படம் மனப்பாடம். கையிலிருந்த பூவில், மகரந்தத்தாள்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் இதழ்கள். வெளி ஐந்தை மட்டும் விட்டு, மற்றவற்றை பிளேடால் அறுத்துக் கைக்குட்டைக்குள் திணித்தேன். இல்லாத மகரந்தத்தாள்களை அழகாக வரைந்தேன். பக்கத்து மேஜையில் என் ஆம்பூர்த் தோழி பார்த்ததை அப்படியே வரைந்தாள், ஓர் இதழின் ஓரத்தில் ஒட்டியிருந்த பாதி மகரந்தப் பை உட்பட. தேர்வாளர் எனக்கு 'குட்' போட்டார். அவள் படத்தில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு.

சில வருடங்கள் கழித்து, மேல்படிப்பில்தான் விஷயம் புரிந்தது. மகரந்தத்தாளை உருவாக்கும் மரபணு அடங்கிப்போனால் அந்த இடத்தில் இதழ் முளைக்கிறது. செல்சுவர்கள் இளக, உள்ளிருக்கும் நீர் அழுத்த, அது அகன்று விரிகிறது. சிலது பாதி இதழ், பாதி மகரந்தத்தாளாக நின்றுவிடும். மேல்படிப்புப் புத்தகத்திலிருந்த படம் அச்சு அசல் அவள் வரைந்ததேதான்.

அவள் வரைந்தது சரி என்பதற்கான சாட்சி என் கைக்குட்டையிலும் இருந்தது. தேர்வு முடிந்த அன்று மாலை பஸ் ராணிப்பேட்டையை நெருங்க, தோல் தொழிற்சாலை வாடைக்கு மூக்கைப் பொத்தக் கைக்குட்டையை எடுத்தேன். மடியில் இதழ்கள் கொட்டின. எரிச்சலோடு ஜன்னலுக்கு வெளியே உதறிவிட்டேன்.