கரும்பு வெட்டும் கையும் டோக்கன் திரையும்

செயலி வடிவமைப்பவர்களின் மாநாட்டில் பேசிவிட்டு, பெங்களூரிலிருந்து இன்று காலை கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். நேராக வங்கிக்குப் போனேன்.

கரும்பு வெட்டுகிறவர் ஒருவர் டோக்கன் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தார். காய்த்துப்போன விரலைத் திரை கண்டுகொள்ளவில்லை.

"ஒழுங்கா தொடுய்யா! இன்னா தடவிக்கினு இருக்க?" என்று காவலாளி கத்தினார்.

கரும்பு வெட்டுகிறவர் திரையில் ஓங்கிக் குத்தினார். கண்ணாடி நொறுங்கியது. சட்டையைப் பிடித்த காவலாளியின் மூக்கில் அடுத்த குத்து. தரையெல்லாம் ரத்தம்.

"தொட்டுக்கினேதான இருக்கேன்! அதுக்குத் தெரியலன்னா நான் இன்னா பொணமாடா?"

என் கழுத்தில் தொங்கிய மாநாட்டு அட்டையைச் சத்தமில்லாமல் கழற்றினேன். அதில் என் பெயருக்குக் கீழே உரையின் தலைப்பு: 'ஒரு தொடுதல் போதும்'.

அடுத்த வருடம் அவரை மேடையேற்றலாம் என்றிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார யாருக்குத் தைரியம்?