பாட்டுக்கு வராத கிதார்

எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த நர்ஸம்மா திருக்கோவிலூருக்கு மாற்றலாகிப் போனபோது, தன் கிதாரை அம்மாவிடமே விட்டுவிட்டுப் போனார். மத்தியான வேளைகளில் அம்மா அவரிடம் வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த விஷயமே அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தெரிய வந்தது. அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல்லி முட்ட வெச்சிடப் போவுது, மூடி வை" என்றார். அதையே அனுமதியாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சினிமாவில் கிதார்க்காரர்கள் நின்று ஆடிக்கொண்டே வாசிப்பார்கள். அம்மாவோ நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு, இடது காலை அதன்மேல் தூக்கி வைத்து, கணக்குப் போடுகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். வலது கையில் நகம் வளர்த்தாள். இடது கையில் ஒட்ட வெட்டினாள். ஏன் என்று கேட்டால், "இது மீட்டற கை, அது அமுத்தற கை" என்பாள். எனக்குப் புரியாத ஒன்றே ஒன்று, பாட்டு எப்போது வரும் என்பதுதான். கட்டைவிரலில் தொடங்கி மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகத் தந்தியைத் தொட்டுத் திரும்பும். மறுபடியும் அதே. கரும்பு வெட்டு முடிந்து, வெட்டின கட்டை மறுபடி தழைத்த பிறகும் அதே.

விஷயம் தியாகதுருகத்துக்கு எட்டி, அப்பாவின் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். அத்தை எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார மாட்டாள். நின்றபடியே தண்ணீர் குடிப்பாள், நின்றபடியே திட்டுவாள்.

"இன்னாடா இது, குடித்தனம் பண்ற வூடா, கச்சேரி நடத்தற எடமா? கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிகினு இருக்கேன். வித்துத் தொலைடா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று நழுவினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அம்மா நல்லா வாசிப்பாங்க அத்தை. கேட்டுப் பாருங்க!"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மரக்காலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டைவிரல், மற்ற விரல்கள், திரும்பி வருதல். நடுவில் ஒரு தந்தி நசுங்கி இரைந்தது. நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினாள்.

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "இதுக்கா இத்தினி மாசம்?"

"ஆமாங்க அண்ணி. இன்னும் பாட்டுக்கு வரலிங்க. வெரலுதான் பழகிகினு இருக்குது" என்றாள் அம்மா, காய் வேகவில்லை என்று சொல்கிற மாதிரி. கிதாரைக் கட்டிலில் சாய்த்துவிட்டுக் காப்பி போடப் போனாள். எனக்கோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அத்தை சமையலறைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"எதுடி தடி கம்பி?"

காட்டினேன். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு சுண்டினாள். சத்தம் எழுந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. அடங்கும்வரை அத்தை அசையவில்லை.

"உள்ளாற இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல அத்தை. டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். காலிதான்."

அத்தை அதை நம்பினதாகத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். கிதாரைக் குழந்தையைப் போல மடியில் கிடத்தி, மரத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, மறுபடியும் சுண்டினாள். பின்னும் ஒரு தபா. கச்சிராயபாளையத்திலிருந்து வந்த டவுன் பஸ் முக்கில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அத்தை ஏற வேண்டிய பஸ் அது.

காப்பியோடு வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். திட்ட வந்தவள் கட்டிலில் உட்கார்ந்து நம் கிதாரைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள், பிடுங்கு என்று நான் ஜாடை காட்டினேன். அம்மா உதட்டில் விரலை வைத்து, என்னைத்தான் வெளியே வரச் சொன்னாள். நான் முறைத்துக்கொண்டே போனேன். எனக்குப் பின்னால் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஆறிப்போன காப்பியை அம்மா என் கையில் கொடுத்தாள். சிரித்தவளுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று எண்ணிக்கொண்டே நான் அதைக் குடித்து முடித்தேன்.