சாமி மாறிப்போன மொட்டை

என் மகனுக்கு மூன்று வயது நிறையப்போகிற சமயத்தில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் அவனைப் பெண் குழந்தை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். முடி தோளைத் தாண்டிவிட்டிருந்தது. நெய்வேலி வெயிலுக்கு இரட்டைப் பின்னல் போட்டு மேலே தூக்கிக் கட்டிவிடுவேன். சிவப்பு ரிப்பன் என்றால்தான் சும்மா உட்காருவான். புதிதாகக் குடிவந்த பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா, "பாப்பாவுக்கு இன்னும் காது குத்தலையா?" என்று கேட்டபோது அவனே கால்சட்டையைக் கீழே இறக்கிக் காட்டி விவகாரத்தை முடித்துவைத்தான்.

முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் இறக்கவேண்டும், அதற்கு முன்னால் கத்தரி படக்கூடாது. ஒரு வயதில் தவறினால் மூன்றில். எங்கள் குலதெய்வம், அதாவது கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் ஆகிப்போன என் வீட்டுக்காரரின் குலதெய்வம், தெற்கே சாத்தூரைத் தாண்டி ஒரு கரிசல்காட்டு ஊரில் இருந்தது. அந்த ஊருக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

அவருடைய அப்பா ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அண்ணனோடு சண்டை போட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினாராம். செத்தாலும் இந்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே விழுப்புரம் ரயில்வே காலனியில் செத்துப்போனார். அம்மா அதற்குச் சில வருஷம் முன்பே போய்விட்டார். மிஞ்சியது ஒற்றைப் பிள்ளை. அந்தப் பிள்ளை ஐ.டி.ஐ. படித்து, மைன்ஸில் வேலைக்குச் சேர்ந்து, மண் வெட்டும் பெரிய மெஷினில் ஆப்பரேட்டர் ஆகி, என் கழுத்தில் தாலியும் கட்டினார்.

எனக்கு ஊர் முத்தாண்டிக்குப்பம். கூப்பிடு தூரம். அதனால் எங்கள் வீட்டில் காலையில் ஒரு சித்தப்பா, மத்தியானம் ஒரு மாமா, சாயங்காலம் பண்ருட்டிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு அத்தை என்று யாராவது காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். ஊரும் உறவும் இல்லாத மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்ததும் என் அப்பாதான். மாப்பிள்ளை என்ன ஆளுங்க என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் அப்பா, "பர்மனென்ட்" என்று ஒரே பதிலாகச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

டவுன்ஷிப்பில் யாருமே நெய்வேலிக்காரர்கள் கிடையாது. ஒருவரை ஒருவர் பார்த்தால் முதல் கேள்வியே உங்களுக்கு எந்த ஊர் என்பதுதான். பொங்கல் வந்தால் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கம், ஒருவர் திருநெல்வேலிப் பக்கம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பிளாக்கே வெறிச்சோடிப் போகும். இவர் மட்டும் அத்தனை பேர் ஷிஃப்டையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். இவருக்கு ஊர் இல்லாததில் மைன்ஸில் நிறையப் பேருக்கு லாபம். "தங்கமான மனுஷன்மா" என்று என்னிடம் வந்து சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழந்தையின் முடி விஷயத்தையும் அடுத்த பொங்கலுக்கு, அடுத்த பொங்கலுக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். விசாரிக்கப் போன இடத்தில் ஒரு டீச்சர் இவனைக் கன்னத்தில் தட்டி, "என்ன பாட்டுடி தெரியும் உனக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சமைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"போயிடலாம். ஆனா அங்க போய் நிக்கறப்போ, நீ யாருடான்னு கேட்டா என்ன சொல்றது? எங்க மண்ணு வேணாம்னு போனவன் மவனுக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டா?"

அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. இத்தனை நாளும் லீவு கிடைக்கவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அத்தனை பெரிய மெஷினை ஓட்டுகிற ஆள், முகம் தெரியாத நாலு சொந்தக்காரர்களுக்குப் பயந்து போயிருந்தார். கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நேராகக் கோயிலுக்குப் போவது. சாமிக்கு முடியைக் கொடுப்பது. யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவது. சாமியின் பெயரில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கால் இடறினாலும் பால் பொங்கி வழிந்தாலும் அவருடைய அம்மா வாயில் வருவது "இருளப்பா" என்ற ஒரே பெயர்தான்.

மொட்டை போட்டால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். அதனால் என் தம்பியும் கூட வந்தான். வந்தவன் சும்மா வரவில்லை. பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு விருத்தாசலம் ஸ்டேஷனில் நின்றான். யாரையும் பார்க்கப்போவதில்லை, இது யாருக்குடா என்று கேட்டேன். "இன்னாக்கா பேசற? முதமுதல்ல ஒரு ஊருக்குப் போறோம், வெறுங்கைய வீசிகினு போவாங்களா?" என்றான். பழம் ராத்திரியே பழுத்து மணக்க ஆரம்பித்துவிட்டது. மதுரை போய்ச் சேருவதற்குள் எங்கள் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களுக்கு நெருங்கிய நண்பர்களாகியிருந்தார்கள். இறங்கும்போது ஒரு அம்மாள், மறுபடி எப்போது வருவீர்கள் என்று பழத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

சாத்தூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஊர் எல்லையில் இறங்கினோம். சுற்றிலும் கருப்பு மண். நடந்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. இருளப்பசாமி கோயில் என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டதும் கை காட்டிவிட்டார். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். வேட்டியும் வெற்றுடம்புமாக ஒல்லியான பூசாரி ஒருவர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

எந்த வகையறா என்று அவர் கேட்டார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பா சின்ன வயசிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார், நாங்கள் நெய்வேலியில் இருக்கிறோம் என்று மென்று முழுங்கினார். பூசாரி அதற்கு மேல் துருவவில்லை. பர்மாவுக்கும் சிலோனுக்கும் பம்பாய்க்கும் போன குடும்பங்கள் இப்படித் திடீர் திடீரென்று வந்து நிற்பது உண்டாம். உட்காரச் சொல்லி, முடி இறக்குகிறவருக்கு ஆள் அனுப்பினார். நான் கல் கூட்டிப் பொங்கல் வைத்தேன். என் தம்பி மடியில் பையனை வைத்துக்கொண்டு உட்கார, மூன்று வருஷத்துப் பின்னல் ஐந்து நிமிஷத்தில் இறங்கியது. அவன் அழவில்லை. ரிப்பனை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

அதைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது வேறொன்று. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி முடித்ததும் இவர் பூசாரியைப் பார்த்து, "சித்தப்பா, விபூதி கொடுங்க" என்றார். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அப்பாவை விட இளையவராகத் தெரிந்தால் சித்தப்பா. கணக்கு சரிதான். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒருவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டது அப்போதுதான். அதற்கப்புறம் தேவை இருக்கிறதோ இல்லையோ, சித்தப்பா தண்ணி எங்கே, சித்தப்பா மழை உண்டா என்று வாய்க்கு வாய் சித்தப்பாதான். யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் திரும்பிவிடவேண்டும் என்று சொன்ன மனிதர்.

பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் பலாப்பழத்தை அறுத்தோம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு என் தம்பி சுளை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, பூசாரிக்கும் பேச்சு வளர்ந்தது. உங்கள் அப்பா பெயர் என்ன என்று சாதாரணமாகக் கேட்டார். இவர் சொன்னார். பூசாரி மெல்லுவதை நிறுத்திவிட்டு, அம்மா பெயரைக் கேட்டார். அதையும் சொன்னார். பூசாரி சுளையை இலையில் வைத்தார்.

"அது எங்க பெரியப்பா மக. எனக்கு அக்கா. நான் உனக்குச் சித்தப்பா இல்லப்பா. தாய்மாமன்."

அக்கா எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் எங்களுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. இருளப்பசாமி இவருடைய குலதெய்வம் இல்லை. இவர் அம்மா பிறந்த வீட்டுச் சாமி. கல்யாணம் ஆனால் பெண்ணுக்குச் சாமி மாறிவிடும், ஆனால் கால் இடறும்போது வாயில் வருவது சின்ன வயசில் கூப்பிட்ட சாமிதானே. நானே இன்றைக்கு வரைக்கும் எங்கள் ஊர் அய்யனாரைத்தான் கூப்பிடுகிறேன். அந்த அம்மா கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதுதான் தன் சாமி என்று நினைத்துவிட்டது. இவர் அப்பா வழிச் சாமி கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம். கோயில் சாவி பெரியப்பாவிடம். கிணற்றுத் தண்ணீருக்காகச் சண்டை போட்ட அதே அண்ணன்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூன்று வருஷம் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பேன் பார்த்து வளர்த்த முடியை வேறு வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம். திருப்பிக் கேட்கவா முடியும்?

இவர் பையைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. "பிள்ளைக்கு அவன் சாமி யாருன்னு காட்டாம நான் வர்றதா இல்ல" என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் தம்பியும், பழுத்த பழத்தைச் சாப்பிட்ட களைப்பில், பக்கத்தில் சாய்ந்துவிட்டான். பூசாரி மாமா அதற்குள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்து எங்களைக் கண்மாய்க் கரை வழியாகக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கோயில் வாசலில் நெடுநெடுவென்று ஒரு பெரியவர் நின்றிருந்தார், இடுப்பில் சாவியோடு. பக்கத்தில் ஓர் அம்மாள். பெரியவரைப் பார்த்ததும் என் தம்பி என் கையைக் கிள்ளினான். அச்சாக என் வீட்டுக்காரரின் மூக்கு. அவர் எங்களை வாங்க என்று சொல்லவில்லை. இவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, விளக்கைத் தூண்டிவிட்டு, பையனின் சந்தன மொட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால், இவர் இனி எந்த ஊருக்கும் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பெரியவர் மாமாவிடம்தான் பேசினார். பிள்ளைக்கு முடி எங்கே இறக்கினது என்று கேட்டார். எங்கள் சாமிக்கு என்று மாமா குற்றவாளி மாதிரி சொன்னார். அந்த அம்மாள்தான், அதாவது என் பெரிய மாமியார்தான், பேச்சை எடுத்தார்.

"பிள்ளைக்கு எறக்குனது எறக்குனதுதான். அத விடுங்க. இவனுக்கு மொத முடி எங்க எறக்குனாக?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, ரயில்வே காலனி சலூனில் என்றார்.

"அப்ப இந்தச் சாமிக்கு இவன் முடி இன்னும் வந்து சேரல."

அந்தக் காலத்து ஃபேஷன்படி இவர் காதை மூடி முடி வளர்த்திருந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் சீப்பு இருக்கும். மைன்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றினால் முதல் வேலை தலையை வாரிக்கொள்வதுதான். இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சீப்பு அதிலேயே இருந்தது.

பெரியவர் மாமா பக்கம் திரும்பி, "மாப்ள, மடியக் குடுத்து உக்காரு" என்றார். மாமாவோ நாலு எலும்பும் தோலும். இவர் கேன்டீன் சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு. மாமா சம்மணம் போட, இவர் பாதி மடியிலும் பாதி தரையிலுமாக உட்கார்ந்தார். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இவரைப் பிடித்துக்கொண்டார், பிள்ளை எங்கே நழுவிவிடப்போகிறதோ என்பதுபோல. என் தம்பி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். என் மகன் கை தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுபடி ஆள் அனுப்பி வரவழைத்த அதே முடி இறக்குகிறவர் கத்தியோடு காத்திருந்தார். முடியை நனைக்கச் செம்பில் தண்ணீரோடு பெரியவர் இவர் எதிரில் வந்து நின்றார். ஊற்றவில்லை. இவர் முதன்முதலாக அவரை நிமிர்ந்து பார்த்தார். காலையில் சித்தப்பா என்று கூப்பிட்டுத் தப்பாகிப்போன மனிதருக்கு இன்னொரு தடவை வாய் வரவில்லை. கேட்டே விட்டார்.

"உங்கள நான் என்னன்னு கூப்பிடறது?"

"உங்கப்பன நான் தம்பின்னுதான் கூப்பிட்டேன்" என்றார் பெரியவர். "நீயே பாத்துக்க."

இவர் பெரியப்பா என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டார், மாமா மடியில் இருந்தபடியே, அம்மாவும் அப்பாவும் போனபோது அழாத அழுகையெல்லாம் சேர்த்து. பெரியவர் செம்பைச் சாய்த்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே உள்ளே விளக்குப் பக்கம் திரும்பி, "நம்ம பிள்ளதான். கொஞ்சம் பிந்தி வந்திருக்கான்" என்று சாமியிடம் சொன்னார்.